கயாவில் விட்டுவந்தது

ஐயப்பன்தாங்கலைச் சுற்றி எந்த ஊரில் சாவு விழுந்தாலும், பந்தல்காரனுக்கு ஆள் போவதற்கு முன்னால் என் ஓரகத்திக்கு ஆள் வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு மூத்தவரின் பெண்சாதி அவள். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். காட்டுப்பாக்கத்திலிருந்து வண்டி வரும், நூம்பலிலிருந்து வண்டி வரும். அக்கா ஏறி உட்கார்ந்து வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வாள். போனவருக்குப் பிள்ளைகள் எத்தனை, எந்தப் பிள்ளைமேல் உயிர், கடைசியாக என்ன கேட்டுச் சாப்பிட்டார் என்று வண்டிக்காரனிடம் விசாரித்துக்கொண்டே போவாள். ஊர் எல்லை வந்ததும் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, கொண்டையை அவிழ்த்துவிடுவாள். அதற்குமேல் அவள் வேறு ஆள்.

அவள் ஒப்பாரி எடுத்தால், செத்தவரோடு பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூடத் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொள்வான். நானே பார்த்திருக்கிறேன். பதின்மூன்று வயதில் அந்த வீட்டுக்கு வந்த எனக்கு முதலில் அவளைக் கண்டால் பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பொழுது சாய வீடு திரும்பி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, பழையதை வட்டிலில் போட்டுக்கொண்டு உட்காருவாள். மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே அங்கே யார் யார் எப்படி அழுதார்கள் என்று நடித்துக் காட்டுவாள்.

"அந்தப் பெரிய மருமவ கீறாளே, கண்ணுல ஒரு சொட்டு இல்ல. மூக்கை மட்டும் சிந்திக்கினே இருந்தா. மூக்கு அந்து கையில வந்துரும்னு எனக்கு பயமா பூட்ச்சு."

நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து போயிருந்தன. ஒன்று கைக்குழந்தை, ஒன்று ஐந்து வயசு. அதெல்லாம் நான் வருவதற்கு முன்னால். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள். ஆனால் யார் வீட்டுப் பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்தாலும் நடுவில் ஒரு பாட்டு வந்துவிடும்.

பசிக்குமே என்றெடுத்துப் பால்காய்ச்சி வச்சிருந்தேன்
பால்மேல ஆடைகட்டப் பாதையில போனாயே
தாகமுன்னு கேட்டாக்காத் தண்ணிதர ஆரிருக்கா
தாங்கல் நெறஞ்சிருக்கே தங்கமே வாராயோ

பல்லெல்லாம் போன கிழவருக்கு எதற்குப் பால் காய்ச்சி வைத்த பாட்டு என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் அது விளங்க நாளாயிற்று.

பிறகு மூத்தவர் போனார். தண்ணீர் இறைக்க ஏற்றத்து மரத்தின்மேல் நடந்து மிதித்துக்கொண்டிருந்தவர், கால் தவறிக் கிணற்றுக் கல்லில் விழுந்தார். அக்கா ஒரு வருஷம் அழுதாள். விளக்கு வைக்கும் நேரமானால் அவள் குரல் எழும். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு யாரும் பிள்ளைக்குச் சோறு ஊட்டமாட்டார்கள்.

தலைத்திவசம் முடிந்த மாசத்தில் திருமழிசையிலிருந்து ஒரு பஜனைக் கூட்டம் காசிக்குப் புறப்பட்டது. அக்கா தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். கூட்டிப்போகிற பெரியவர் முன்கூட்டியே வீட்டுக்கு வந்து என்னென்ன கட்டுப்பாடு என்று சொன்னார். ஒரு வேளைதான் சாப்பாடு. கட்டாந்தரையில்தான் படுக்கை. பொய் கூடாது, கோபம் கூடாது, அடுத்தவர் பொருளுக்குக் கை நீட்டக் கூடாது. வெறுமனே தண்ணீரில் முழுகுவதென்றால் எருமை நம்மைவிட நன்றாக முழுகும், கையும் வாயும் மனசும் அடங்கினவனுக்குத்தான் ஆறு தீர்த்தமாகும் என்று சொல்லி அவரே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் சொன்னதை ஒவ்வொன்றாக விரல் மடித்து மனசில் போட்டுக்கொண்டாள்.

ஒன்றரை மாசம் கழித்து வந்தாள். பாதமெல்லாம் பிளந்து, கறுத்து, பாதி உடம்பாக வந்தாள். காசிக்குப் போய் வந்தவள் என்று ஊரே வந்து காலைக் கழுவி விழுந்து கும்பிட்டது. கையில் கட்டக் கறுப்புக் கயிறு கொடுத்தாள். கூடப் போன பெண்கள் படித்துறை, படகு, தீபம் என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். அக்கா ஒன்றைத்தான் சொன்னாள்.

"கயாவுல ஆத்துல தண்ணியே இல்ல. வெறும் மணலு. கையால தோண்டினா ஊறுது. அந்தத் தண்ணியிலதான் மூணு பேருக்கும் பிண்டம் வச்சேன்."

கயாவில் பிண்டம் வைத்தவர்கள் அங்கே இருக்கிற ஆலமரத்தடியில் தங்களுக்குப் பிடித்த ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை விட்டுவிட்டு வரவேண்டும். சாகிறவரைக்கும் அதைத் திரும்பத் தொடக்கூடாது. அந்தப் புண்ணியம் போனவர்களுக்குப் போய்ச் சேரும். ஒருத்தி சுரைக்காயை விட்டேன் என்றாள். இன்னொருத்தி பாகற்காய் என்றாள். எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"பாவக்காயை நான் எப்பவோ வுட்டுட்டேன், ரயில் ஏறாமலே. எனக்கும் ஒரு கயிறு கட்டுங்கடி."

எல்லோரும் சிரித்து அடங்கியதும் அக்காவைக் கேட்டார்கள். நீ என்ன விட்டாய்? அவள் குனிந்தபடி இருந்தாள்.

"அழுவுறதை வுட்டுட்டேன்."

ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள்.

நாலு நாள் கழித்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் சொன்னாள். பிண்டம் வைக்கச் சொல்லிக்கொடுத்த ஐயருக்குக் கொஞ்சம் தமிழ் வருமாம். இங்கே நாம் அழுகிற கண்ணீரைத்தான் அங்கே செத்துப்போனவர்கள் குடிக்கவேண்டும் என்று அவர் சொன்னாராம். தாகத்துக்குக் கையேந்தினால் அதுதான் கையில் விழுமாம். அவர் வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வதைத்தான் இவளுக்கும் சொல்லியிருப்பார். கேட்டவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். இவள் எழுந்திருக்கவில்லை.

"உப்புத் தண்ணி சின்னவளே. அதைக் குடிச்சா தாகம் அடங்குமா? ஊரு ஊரா வண்டி ஏறிப் போயி நான் எம் புள்ளைங்களுக்கு அதைத்தான் ஊத்திக்கினு இருந்திருக்கேன்."

பிடித்ததை விடு என்றாராம். அழுகையைவிடத் தனக்குப் பிடித்தது ஒன்றும் இல்லை என்று தோன்றியதாம். தான் சாகும்வரை ஒரு சொட்டு விடாமல் இருந்தால் மூன்று பேரும் தாகம் தீர்ந்து கரையேறிவிடுவார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பிண்டம் வைத்ததே வீண். இந்தக் கடைசிப் பேச்சு ஐயர் சொன்னதா, அவளே சேர்த்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அவள் நம்பினாள்.

முதல் சோதனை நூம்பலில் வந்தது. அவளுடைய சொந்தப் பெரியம்மா செத்துப்போனாள். வண்டி வந்தது. நானும் கூடப் போனேன். ஊர் எல்லையில் கொண்டையை அவிழ்க்கவில்லை. உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். கூட்டம் காத்திருந்தது. அவள் எழுந்து ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, அழுது தொண்டை வறண்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டு மருமகள் சொம்பைத் தட்டிவிட்டாள்.

"இன்னாடி, தொண்டையைக் காசியில தொலைச்சிட்டு வந்துட்டியா?"

அக்கா சொம்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு அடுத்தவளிடம் போனாள். அதற்கப்புறம் எங்கள் வாசலில் வண்டி வந்து நிற்கவில்லை.

அவள் எப்படி அதை அடக்கினாள் என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். சட்டென்று எழுந்து கிணற்றடிக்குப் போவாள். வாளியை இறக்கி இழுத்து, கட்டின சேலையோடு தலையில் கொட்டிக்கொள்வாள். கங்கா, யமுனா, கோதாவரி, சரஸ்வதி, நருமதை, சிந்து, காவேரி. ரயிலில் கற்றுக்கொண்ட ஏழு பெயர். ஒரு வாளிக்கு ஒரு பெயர். மார்கழியில் உதடு நீலம் பாரித்துவிடும். நான் முதலில் மடிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்: தண்ணீரோடு தண்ணீராக அழுதுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"அது திருட்டுத்தனம்" என்றாள். "வர்றதுக்கு முன்னாடியே ஊத்திக்கணும்."

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு பிள்ளை பிறந்தான். பெற்றது நான், வளர்த்தது அவள். என்னிடம் பாலுக்கு வருவான், மற்ற நேரமெல்லாம் அவள் முந்தானைக்குள் கிடப்பான். அந்த மூன்று வருஷம் அவள் கிணற்றடிக்கு ஓடியது குறைவு. சில வாரம் ஓடவே இல்லை.

கார்த்திகை மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை அடைத்துக்கொண்டது. பூந்தமல்லியிலிருந்து வைத்தியரைக் கூட்டிவருவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. பெரிம்மா தண்ணி, பெரிம்மா தண்ணி என்றான். அவள் கரண்டியில் விட்ட தண்ணீர் கடைவாய் வழியாகவே வழிந்தது. அப்படியே போய்விட்டான்.

அவனைக் குளிப்பாட்டினது அவள். மை இட்டது அவள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண் நேராக வந்து உட்கார்ந்து, பறிகொடுத்தவளின் தோளைக் கட்டி, தலையோடு தலை முட்டி அழவேண்டும். தோளைத் தொடாவிட்டால் உன் துக்கம் உன்னோடு என்று சொன்னமாதிரி. யார் யாரோ வந்து கட்டினார்கள். நான் அவளுக்காகக் காத்திருந்தேன். கடைசியில் வந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, ஒருத்தரிடமும் ஒன்றுக்கும் கை நீட்டினவள் இல்லை. அன்றைக்கு நீட்டினேன். நீட்டின கை அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த கிழவி ஒருத்திதான் அதைப் பிடித்து இறக்கினாள்.

ஊர் பேசியது. ரெண்டைத் தின்னவள் மூணாவதையும் தின்னுட்டா, அதனாலதான் கண்ணு ஈரமாவல என்று என் காதுபடவே சொன்னார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவளை அழவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பிள்ளையின் சட்டையைத் துவைத்து அவள் நடக்கிற வழியில் உலர்த்துவேன். அவள் சோற்றில் கை வைக்கும்போது அவன் மழலையைச் சொல்லிக்காட்டுவேன். அவள் எழுந்து கிணற்றடிக்குப் போவாள். திரும்பி வந்து ஆறின சோற்றைச் சாப்பிடுவாள். ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

தை மாசம். வீட்டு ஆண்களெல்லாம் அறுப்புக் களத்தில் இருந்தார்கள். உச்சிவெயில் நேரம். நான் கிணற்று வாளியையும் கயிற்றையும் அவிழ்த்து வைக்கோல் போரில் செருகிவிட்டு வந்தேன். அக்கா கொல்லையில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து அவளுடைய பாட்டையே எடுத்தேன். தங்கமே என்று வரும் இடத்தில் என் பிள்ளையின் பெயரைப் போட்டேன். எனக்குக் குரல் கிடையாது. நான் பாடினால் ஆடு கத்துகிறமாதிரி இருக்கிறது என்று அவளே முன்பெல்லாம் கேலி செய்வாள்.

பால் ஆடை கட்டுகிற அடிவரைக்கும் முறம் ஓடிக்கொண்டிருந்தது. தாகமுன்னு கேட்டாக்கா என்றேன். முறம் நின்றது. எழுந்து போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"சின்னவளே, வாளி எங்க?"

நான் பாடினேன்.

"வாளியைக் குடு. உன் காலைப் புடிக்கிறேன், குடுத்துரு."

நான் திரும்பவும் முதலிலிருந்து எடுத்தேன். அவள் நின்றபடியே கங்கா, யமுனா என்று ஆரம்பித்தாள். கோதாவரி என்றாள். மறுபடியும் கோதாவரி என்றாள். அடுத்தது வரவில்லை. வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

அப்புறம் அந்தக் குரல் வந்தது. அத்தனை வருஷமாகக் கேட்காத குரல். வந்து விழுந்து என் தோளைக் கட்டினாள். தலையோடு தலை முட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். வெயில் கொல்லைச் சுவரில் ஏறும்வரை அழுதோம். உண்மையைச் சொல்கிறேன், அதுபோல் ஒரு சுகம் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கரைந்து இறங்கியது.

முதலில் நிறுத்தியது அவள்தான். என் முகத்தைத் துடைத்துவிட்டாள். தன் முகத்தைத் துடைத்தாள். ஈரமாக இருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை சந்தேகம் கேட்கிறமாதிரி கேட்டாள்.

"இப்ப ஊத்தினதை அவனுந்தானே குடிக்கணும்? தொண்டை அடைச்சிக்கினு போனவன், எப்பிடிக் குடிப்பான்?"

வைக்கோல் போரிலிருந்து வாளியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலையில் ஊற்றிக்கொண்டதும் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் வடக்கே போகிற கூட்டம் அடுத்து எப்போது என்று விசாரிக்கச் சொன்னாள். ஒருதரம் விட்டுவிட்டு மறுபடியும் தொட்டதைத் திரும்பவும் விடலாமா என்று கயாவில் போய்க் கேட்கவேண்டுமாம். பூந்தமல்லிக் கோயிலில் கேட்டால் சொல்லமாட்டார்களா அண்ணி என்று அவர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். அங்கே விட்டதை அங்கேதான் கேட்கவேண்டும் என்றாள். பங்குனியில் பாடி என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தெலுங்குக் கூட்டம் கிளம்பியது. அவர்களோடு சேர்த்துவிட்டார்.

வண்டி புறப்படும் நேரத்தில் நான் உள்ளேயே இருந்தேன். வெளியே வர முகம் இல்லை. அவளே இறங்கி உள்ளே வந்தாள்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ அழாத. எனக்கோசரம் இல்ல. அங்க கீற நாலு பேருக்கும் இப்ப நீதான் கீற."

நான் வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தெலுங்குக் கூட்டம் வைகாசியில் திரும்பியது. அவள் வரவில்லை. கயாவில் ஐயரிடம் கேட்டாளாம். அவருக்கு இவளை நினைவே இல்லையாம். அவர் என்ன சொன்னார் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் அந்த ஆற்று மணலில் உட்கார்ந்து கையால் தோண்டிக்கொண்டிருந்தாளாம். ஓர் அம்மா சொன்னாள்: சுற்றி எல்லோரும் தோண்டின குழியிலும் தண்ணீர் ஊறியது, உங்கள் அக்கா எங்கே தோண்டினாலும் மணலாகவே வந்தது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கூப்பிட்டோம், இன்னும் கொஞ்சம் ஆழம் போனால் வந்துவிடும், நீங்கள் போங்கள் என்றாள். என் வீட்டுக்காரர் வாத்தியாரைக் கொண்டு இரண்டு கடுதாசி எழுதிப் போட்டார். பதில் இல்லை.

பன்னிரண்டு வருஷம் பார்த்தார்கள். தகவல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துவிடவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்போது சண்டைக்காலம். குண்டு விழும் என்று பட்டணமே காலியாகி, எங்கள் வீடு முழுக்கப் பட்டணத்து உறவுக்காரர்கள். கூவத்தங்கரையில் ஒரு முழத் தர்ப்பையைப் பாடையில் வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் பாட்டெல்லாம் எனக்குத்தான் தெரியும். பத்து ஊருக்கு அழுதவளுக்கு ஒரு குரல் இல்லாமல் நெருப்பு வைப்பதா? வாய் வரைக்கும் வந்தது. அவள் திரும்பி வரவில்லையே, நான் எப்படி அழுவேன்? செத்திருந்தால் அதை அவளல்லவா குடிக்கவேண்டும்?

அக்காவைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பெண், வயசுப்பெண், சும்மா இருக்கக் கூடாதே என்று அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து போய் அவள் வாயைப் பொத்தினேன்.

"யாரும் அழாதீங்க. ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துங்க, போதும்."

என்னைப் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

என் வீட்டுக்காரர் போனபோதும் நான் அழவில்லை. பிள்ளைக்குப் பிறகு பிறந்த என் மகள்கள் இரண்டு பேரும் வந்து தோளைக் கட்டினார்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவள் இன்றைக்கும் அதை மறக்கவில்லை. எங்க அம்மா கல்லு என்று சம்பந்தி வீட்டிலேயே சொல்லியிருக்கிறாள். நான் அவளுக்கு ஒன்றும் விளக்கிச் சொன்னதில்லை. சொன்னால் அவளும் அடக்க ஆரம்பித்துவிடுவாள்.

இப்போது இரண்டு வருஷமாக எனக்கு இடது கண்ணில் நீர் வடிகிறது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது பாட்டி, உள்ளே வழி அடைத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் வெளியே வழிகிறது, இது அழுகை இல்லை என்றார். இல்லைதான். நான் எதையும் நினைக்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வருகிறது. வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. முந்தானையைக் கையிலேயே சுருட்டி வைத்திருக்கிறேன், கீழே விழுவதற்குள் ஒற்றி எடுத்துவிடுகிறேன். தூங்கும்போதுதான் ஒன்றும் செய்ய முடிவதில்லை. காலையில் எழுந்தால் தலையணை ஒரு பக்கம் நனைந்திருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அங்கே அதைக் குடிப்பது ஐந்து பேரா, அக்காவோடு ஆறு பேரா என்றுகூட எனக்குத் தெரியாது.